கணினிக்கும் முத்திரை வேண்டும்

1872ஆம் ஆண்டு முதல் இத்தேசத்து நீதிமன்றங்களில் ஆட்சி செலுத்திவந்த இந்திய சாட்சியச் சட்டம் விடைபெற்று, அதன் ஸ்தானத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று பாரதிய சாக்ஷிய அதிநியமம் அமலுக்கு வந்தபோது, பிரிவு எண்கள் மாறியதைப் பற்றியும், சட்டத்தின் பெயர் எந்தப் பாஷையில் இருக்கவேண்டும் என்பதைப் பற்றியும் நாடெங்கும் விஸ்தாரமான விவாதம் நடந்தது. ஆனால் அச்சட்டத்தின் கடைசியில் அட்டவணையாக இணைக்கப்பட்டுள்ள ஒரு சிறிய படிவம் அதே அளவு கவனத்தைப் பெற்றதாகச் சொல்ல முடியாது. மின்னணுப் பதிவு ஒன்றைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய விரும்புகிறவர், 63ஆம் பிரிவின்படி அப்படிவத்தைப் பூர்த்தி செய்து கையொப்பமிடவேண்டும். அதன் முதற்பகுதியைத் தாக்கல் செய்கிறவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் எழுதித் தரவேண்டும். இரண்டு பகுதிகளிலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: இப்பதிவின் ஹாஷ் மதிப்பு என்ன, அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது?

இந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்து வழக்கறிஞர்களுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு, சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசல் பூமியின் நடுவே இருக்கும் குருவிகுளத்துக் காவல் நிலையத்துக்கும் சொந்தம். ஒரு கடையில் திருட்டு நடந்து, கண்காணிப்புக் கேமராவின் பதிவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது நிலத் தகராறு ஒன்றில் ஒருவர் தமது கைப்பேசியில் எடுத்த வீடியோவை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 105ஆம் பிரிவோ, சோதனையையும் கைப்பற்றுதலையுமே ஒலி-ஒளிப் பதிவாக எடுக்கவேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே, முன்பு பெருநகரத்துப் பெரிய வழக்குகளில் மாத்திரம் தலைகாட்டிய மின்னணுச் சாட்சியம், இன்று ஒன்றியத் தலைமையிடமான ஒரு கிராமத்தின் அன்றாட அலுவலாகிவிட்டது; அதனுடன் ஹாஷ் கணக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அக்கணக்கைப் போடும் யந்திரம் அதற்குத் தகுதியானதா என்று யார் பரீட்சித்துப் பார்க்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

முதலில் ஹாஷ் என்பது என்ன காரியம் செய்கிறது என்பதைப் பார்ப்போம். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும், அதன் ஒவ்வொரு பைட்டையும் ஒரு குறிப்பிட்ட கணித விதிப்படி கலந்து பிசைந்து, முடிவில் ஒரே அளவுள்ள ஓர் எண்ணாகத் தருவது அதன் வேலை. ஷா-256 என்னும் முறையில் அந்த எண்ணின் நீளம் 256 பிட். எழுதிக் காட்டினால் 64 குறியீடுகள். கோப்பில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் விடையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறிப்போகும். விடையிலிருந்து கோப்பைத் திரும்பப் பெறவும் இயலாது. ஒரே விடையைத் தரும் இருவேறு கோப்புகளை இதுவரை யாரும் கண்டுபிடித்ததுமில்லை. கைப்பற்றிய நேரத்தில் கணக்கிட்ட எண்ணும், இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் கணக்கிட்ட எண்ணும் ஒன்றாக இருந்தால், இடைப்பட்ட காலத்தில் யாரும் அப்பதிவில் கைவைக்கவில்லை என்று நம்பலாம். பதிவில் உள்ள விஷயம் உண்மையா பொய்யா என்பதை அந்த எண் சொல்லாது. கைப்பற்றிய நாளில் இருந்தது எதுவோ அதுவே இன்றும் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அது மட்டுமே எவ்வளவு பெரிய உதவி என்பதைக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிரபராதியும், அவனுக்கு எதிரே நிற்கும் பாதிக்கப்பட்டவனும் ஒருங்கே அறிவார்கள்.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை வகுத்து, அந்நாட்டுத் தர நிர்ணய நிறுவனம் 2002ஆம் ஆண்டில் பிரசுரித்த இந்த முறை, கோப்பை 64 பைட் கொண்ட துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டத்தையும் 64 சுற்றுகள் சுழற்றுகிறது. பைட் ஒன்றுக்குச் சுற்று ஒன்று என்று கணக்கு எளிதாக அமைந்துவிடுகிறது. ஒரு ஜிகாபைட் வீடியோவுக்கு 100 கோடிச் சுற்றுகள். கேமராவின் பதிவுப் பெட்டியில் இருக்கும் ஒரு டெராபைட் வட்டு முழுவதற்கும் ஒரு லட்சம் கோடிச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் எட்டு எண்களைப் புரட்டுவதும், கூட்டுவதும், ஒன்றோடொன்று பொருத்துவதுமாகப் பல சிறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. சாதாரணமான பிராசசர் அவற்றை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் கட்டளைகளால் செய்து முடிக்கவேண்டும்.

இச்சிரமத்தைக் குறைப்பதற்காக இன்டெல் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் ஏழு பிரத்தியேகக் கட்டளைகளை அறிவித்தது. அவற்றில் நான்கு ஷா-1 என்னும் பழைய முறைக்கும், மூன்று ஷா-256 முறைக்கும் உரியவை. அவற்றுள் ஒன்று இரண்டு சுற்றுகளை ஒரே அடியில் முடித்துவிடக்கூடியது. கைப்பேசிகளில் ஆட்சி செய்யும் ஆர்ம் பிராசசர்களும், 64 பிட் யுகத்துக்கு வந்தபோது, இதேபோன்ற கட்டளைகளை வைத்துக்கொள்ளும் வசதியைப் பெற்றன. இக்கட்டளைகள் உள்ள மேஜைக் கணினியில் ஷா-256 கணக்கு, அவை இல்லாத கணினியைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாக முடிகிறது என்பது பொதுவான அனுபவம்.

வேகத்தைப் பற்றி மட்டும் பேசுவதானால் இது யந்திரப் பிரியர்களின் பொழுதுபோக்காக முடிந்துவிடும். நீதியோடு இதற்கு உள்ள சம்பந்தம் வேறோர் இடத்தில் இருக்கிறது. சட்டத்தின் படிவத்தைப் பார்த்தால், ஹாஷ் கணக்கிட்ட முறை எது என்று கேட்டு, ஷா-1, ஷா-256, எம்டி5, சட்டம் ஏற்கும் வேறு முறை என்று கட்டங்கள் போட்டிருக்கிறது. எதில் வேண்டுமானாலும் குறியிடலாம். ஆனால் எம்டி5 முறையில் ஒரே விடை தரும் இருவேறு கோப்புகளை உண்டாக்கலாம் என்பதைச் சீனக் கணித அறிஞர் வாங் ஷியாவ்யுன் அம்மையாரும் அவரது குழுவினரும் 2004ஆம் ஆண்டிலேயே நிரூபித்துவிட்டார்கள். ஷா-1 முறையின் கதியும் 2017 பிப்ரவரியில் அதுவே ஆயிற்று: ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கணித ஆராய்ச்சி நிலையமும் கூகுள் நிறுவனமும் சேர்ந்து, ஒரே ஷா-1 மதிப்புள்ள இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப். கோப்புகளை உலகின் முன் வைத்தன. 2030 டிசம்பர் 31க்குள் ஷா-1 முறையை அடியோடு கைவிட்டுவிடவேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் கெடு விதித்திருக்கிறது. நம் தேசத்திலேயே மின்கையொப்பச் சான்றிதழ்கள் ஷா-256 முறைக்கு மாறி வெகுகாலமாயிற்று. சாட்சியப் படிவத்தில் மாத்திரம் அந்த இரண்டு பழைய முறைகளும் இன்னும் ஆசனம் போட்டு அமர்ந்திருக்கின்றன.

மெதுவான யந்திரத்தின் முன்னால், இரவு பதினொரு மணிக்கு, அடுத்த வேலைக்குப் போகவேண்டிய அவசரத்தில் அமர்ந்திருக்கும் ஒரு காவலர் அல்லது எழுத்தர், விரைவில் முடிகிற கட்டத்தில் குறியிட்டுவிட்டால், அவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. அதைவிடப் பெரிய அபாயம், கணக்கையே நாளைக்கு ஒத்திவைப்பது. கைப்பற்றிய நேரத்துக்கும் ஹாஷ் கணக்கிட்ட நேரத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் கழிகிறதோ, அத்தனை மணி நேரத்துக்கும் அந்த எண் பொறுப்பேற்காது. அந்த இடைவெளியைக் குறுக்கு விசாரணையில் ஒரு சமர்த்தான வழக்கறிஞர் விரித்துப் போட்டுவிட்டால், உண்மையான சாட்சியமும் சந்தேகத்தில் மூழ்கிப்போகும். ஆகவே ஹாஷ் கணக்கு விரைவாக நடப்பது, பிரமாணம் பழுதின்றி இருப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று என்றே கொள்ளவேண்டும்.

இதில் ஓர் ஆச்சரியமான விசேஷமும் உண்டு. எம்டி5 முறைக்கு இத்தகைய பிரத்தியேகக் கட்டளைகள் எதுவும் இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் பிராசசர்களில் இல்லை. கட்டளைகள் இல்லாத பழைய கணினியில் எம்டி5 வேகமானது, ஷா-256 மெதுவானது. கட்டளைகள் உள்ள கணினியிலோ நிலைமை தலைகீழாகிறது. பத்திரமான ஷா-256, பழுதான எம்டி5-ஐ முந்திக்கொண்டு ஓடுகிறது. சரியான காரியத்தைச் செய்வதே சுலபமான காரியமாகவும் ஆகிவிடும் சந்தர்ப்பங்கள் நிர்வாகத்தில் அபூர்வம். அப்படி ஒரு சந்தர்ப்பம் பிராசசருக்குள்ளேயே கிடைத்திருக்கும்போது, அது நம் கணினிகளில் இருக்கிறதா என்று விசாரிக்காமல் விடுவது விவேகமாகாது.

விலைச்சீட்டைப் பார்த்தோ பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரைப் பார்த்தோ இதைத் தெரிந்துகொள்ளலாமே என்று ஒருவர் கேட்கலாம். முடியாது என்பதற்கு இன்டெல் நிறுவனத்தின் சரித்திரமே போதுமான சாட்சி. 2013ஆம் ஆண்டில் அறிவித்த அக்கட்டளைகள், 2016ஆம் ஆண்டில் முதலில் இடம்பெற்றது அந்நிறுவனத்தின் விலையுயர்ந்த பிராசசர்களில் அன்று. மிக மலிவான சிறு மடிக்கணினிகளுக்கான செலரான் என்3350 போன்றவற்றில்தான். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செல்வந்தர்களும் விளையாட்டுப் பிரியர்களும் போட்டி போட்டு வாங்கிய கோர் ஐ7-7700கே பிராசசரில் அவை கிடையாது. ஏஎம்டி நிறுவனமோ அதே 2017இல் வெளியிட்ட ரைசன் வரிசையின் முதற் பிராசசரிலிருந்தே அவற்றை வைத்துவிட்டது. இதைவிடக் குழப்பமானது இன்டெலின் ‘பத்தாம் தலைமுறை’ மடிக்கணினிகளின் கதை. ஐ5-1035ஜி1 என்ற பிராசசரில் அக்கட்டளைகள் உண்டு; ஐ5-10210யு என்ற பிராசசரில் இல்லை. இரண்டும் பத்தாம் தலைமுறை, இரண்டும் கோர் ஐ5, இரண்டும் ஒரே காலத்தில் ஒரே கடையில் விற்பனையானவை. ‘பத்தாம் தலைமுறை ஐ5’ என்று மட்டும் ஒப்பந்தப் புள்ளியில் எழுதி நூறு கணினிகளை வாங்கும் ஓர் அலுவலகத்துக்கு, எந்த வகை வந்து சேரும் என்பது விற்பவரின் கிடங்கில் அன்று எது இருந்தது என்பதைப் பொறுத்தே அமையும்.

கைப்பேசிகளின் உலகத்திலும் இதே கதைதான். ஆர்ம் நிறுவனம் தன் 64 பிட் வடிவமைப்பில் இக்கட்டளைகளைக் கட்டாயமாக்காமல், பிராசசர் தயாரிப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பள்ளி மாணவர்களும் பொழுதுபோக்காளர்களும் விரும்பி வாங்கும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியின் நான்காம் பதிப்பில், 2019ஆம் ஆண்டில், அவை விடுபட்டிருந்தன; 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சேர்ந்துவிட்டன. மலிவான கைப்பேசிகளின் பிராசசர்களில் மறைகுறியாக்கத்துக்கான கட்டளைகள் இல்லாமலிருப்பதைக் கண்டு, அத்தகைய கைப்பேசிகளுக்கென்றே அடியாண்டம் என்னும் தனி முறையை கூகுள் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட நேர்ந்தது. மலிவான கைப்பேசிகளே நம் கிராமங்களில் பெரும்பான்மை என்பதையும், சோதனையின்போது பதிவெடுக்கக் கையில் அகப்படும் சாதனமும் பெரும்பாலும் கைப்பேசியாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதை அந்நிய தேசத்து விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

பெயர் சொல்லாததைப் பிராசசரையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1993ஆம் ஆண்டின் பென்டியம் காலத்திலிருந்தே, இன்டெல் வழி வந்த பிராசசர்களில் ‘உனக்கு என்னென்ன தெரியும்?’ என்று கேட்பதற்கென்று சிபியுஐடி என்னும் ஒரு கட்டளை இருக்கிறது. அதன் ஏழாம் ஏட்டைக் கேட்டால் வரும் விடையில், குறிப்பிட்ட ஒரு பதிவேட்டின் 29ஆம் பிட் ஒன்றாக இருந்தால், ஷா கட்டளைகள் உண்டு என்று அர்த்தம். இவ்வளவு நுட்பத்துக்குள் போகவேண்டிய அவசியமும் இல்லை. லினக்ஸ் இயங்கும் கணினியில் பிராசசரின் திறமைப் பட்டியலைக் காட்டச் சொன்னால் ‘ஷா-என்ஐ’ என்ற பெயர் வருகிறதா என்று பார்த்தால் போதும். ஆர்ம் பிராசசரானால் ‘ஷா1’, ‘ஷா2’ என்ற பெயர்கள் வரும். விண்டோஸ் கணினியில் சிபியு-இசட் என்னும் இலவசச் செயலியே அப்பட்டியலைக் காட்டிவிடும். ஒரு கணினிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாத காரியம் இது.

ஆனால் கேள்விக்கு வந்த பதிலோடு பரீட்சை முடிந்துவிட்டதாக நினைப்பது தவறு. ‘தெரியும்’ என்று சொல்லும் பிராசசர் சரியாகச் செய்கிறதா என்பது வேறு விஷயம். 2019ஆம் ஆண்டில் ஏஎம்டியின் புதிய ரைசன் 3000 வரிசை சந்தைக்கு வந்தபோது, மறைகுறியாக்கத்துக்குத் தேவையான தற்செயல் எண்களைத் தருவதற்கென்று அமைந்த ஒரு கட்டளை, ‘வெற்றி’ என்று அறிவித்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தந்தது. அதை நம்பிய லினக்ஸ் கணினிகள் சில துவங்கவே மறுத்தன. பிற்பாடு திருத்தம் வெளியாயிற்று. திறமை உண்டு என்ற பிரகடனமும், திறமையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

எனவே இரண்டாம் கட்டப் பரீட்சையாக, விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கவேண்டும். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் மூன்று சிற்றெழுத்துகளுக்கு ஷா-256 தரவேண்டிய விடையை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே பிரசுரித்திருக்கிறது. அதன் முதல் எழுத்தையே பத்து லட்சம் தடவை அடுக்கினால் வரவேண்டிய விடையும் பிரசித்தம். இவற்றோடு 55, 56, 64 பைட் நீளமுள்ள சிறு கோப்புகளையும் கொடுத்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் இம்முறை கோப்பின் முடிவில் குறைந்தபட்சம் ஒன்பது பைட்டுகளைத் தானாகச் சேர்க்கிறது; 55 பைட் கோப்பு ஒரே துண்டத்தில் அடங்கிவிடும், 56 பைட் கோப்புக்கு இரண்டாவது துண்டம் தேவைப்படும். பிசகுகள் பெரும்பாலும் இத்தகைய எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். பிரத்தியேகக் கட்டளைகளால் ஒருமுறையும், அவற்றை அணைத்துவிட்டுச் சாதாரணக் கட்டளைகளால் ஒருமுறையும் கணக்கிட்டு, இரண்டு விடைகளும் பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டால் மனம் நிம்மதியடையும்.

மூன்றாம் கட்டம் கடிகாரத்தோடு சம்பந்தப்பட்டது. பிராசசரில் கட்டளை இருந்தும், அலுவலகத்தில் பயன்படும் மென்பொருள் அதை அழைக்காமலே வேலை செய்துகொண்டிருக்கலாம். பெரிய தரவு மையங்களில் ஒரு கணினியைப் பல கற்பனைக் கணினிகளாகப் பிரித்து வழங்குகிறார்கள். அங்கே அடியில் உள்ள பிராசசருக்குத் திறமை இருந்தும், பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் அதை மறைத்துவிடக் கூடும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் இலவச மென்பொருள் தொகுதியில் வேகத்தை அளப்பதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது; ஆயினும் நித்தியமும் பயன்படுத்தப்போகும் மென்பொருளையே ஒரு பெரிய கோப்பின்மேல் ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்வதுதான் நம்பகமான வழி. அப்போதே அம்மென்பொருள் எந்த முறையில் கணக்கிடுகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளலாம். விண்டோஸோடு கூடவே வரும் செர்ட்யூட்டில் என்னும் கருவி, முறையின் பெயரைச் சொல்லாமல் கேட்டால், இன்றும் ஷா-1 விடையைத்தான் தருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். ‘நீர் சொல்வதெல்லாம் சரி, ஆனால் வட்டு மெதுவாக ஓடும்போது பிராசசர் வேகமாக இருந்து என்ன பிரயோஜனம்?’ என்று அனுபவஸ்தர் ஒருவர் கேட்கக்கூடும். அவர் கேட்பதில் உண்மை இருக்கிறது. சுழலும் வட்டு ஒன்று விநாடிக்கு 150 மெகாபைட் படிக்குமானால், ஒரு டெராபைட்டைப் படித்து முடிக்க ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆகும். பிராசசர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அதற்கு முன்னால் கணக்கை முடிக்க முடியாது. விநாடிக்கு 400 மெகாபைட் கணக்கிடும் சாதாரணப் பிராசசர்கூட வட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். சுழலாத புது வகை வட்டில், விநாடிக்கு 2,000 மெகாபைட் வந்து கொட்டும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கே 400 மெகாபைட் பிராசசருக்கு ஏறக்குறைய 42 நிமிஷம் பிடிக்கும் வேலையை, 1,600 மெகாபைட் பிராசசர் பத்து நிமிஷத்துச் சொச்சத்தில் முடித்துவிடும். மிகப் பழைய சிறு பிராசசர்களோ சுழலும் வட்டின் வேகத்துக்கே ஈடுகொடுக்கமாட்டா.

ஆனால் இந்த ஆட்சேபம் பரீட்சை வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகாது; வேண்டும் என்பதையே வலியுறுத்துகிறது. சுழலும் வட்டையே பெரும்பாலும் கையாளும் ஓர் அலுவலகத்தில், பழைய கணினியே போதும் என்று பரீட்சை சொல்லிவிடலாம். அப்போது புதுக் கணினி வாங்குவதற்கு ஒதுக்கிய சர்க்கார் பணம் மிச்சம். அதோடு, வட்டுக்காகவே காத்திருக்கும் இடத்தில் எம்டி5-ஐத் தேர்ந்தெடுப்பதால் ஒரு நிமிஷம்கூட லாபமில்லை என்பதும் வெளிப்பட்டுவிடும்; சோம்பலுக்கு இருந்த கடைசிச் சாக்கும் போய்விடும். எங்கே தடை இருக்கிறது என்று அளந்து பார்க்காமல், எல்லாவற்றுக்கும் புதிய யந்திரமே மருந்து என்று எண்ணுவதும், எதற்கும் பழைய யந்திரமே போதும் என்று எண்ணுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள்.

அளப்பதை அளந்து பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சந்தையில் தக்காளி நிறுக்கும் வியாபாரியின் தராசுக்கு, சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி, தொழிலாளர் துறையின் அதிகாரி வந்து சரிபார்த்து முத்திரையிடவேண்டும். மின்னணுத் தராசானால் ஆண்டுக்கு ஒருமுறை அம்முத்திரையைப் புதுப்பிக்கவேண்டும். கால் கிலோ தக்காளியில் குடியானவனோ வாங்குகிறவனோ ஏமாந்துவிடக்கூடாது என்று இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் ராஜாங்கம், ஒருவனது சிறைவாசத்தையோ விடுதலையையோ நிர்ணயிக்கும் எண்ணைக் கணக்கிடும் கணினிக்கு எவ்வித முத்திரையும் கேட்பதில்லை. தராசில் நேரும் பிழை சில ரூபாயோடு போகும். இங்கே நேரும் பிழையின் பெறுமானத்தை ரூபாயில் சொல்ல முடியாது.

செய்யவேண்டிய காரியங்கள் அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, அரசுத் துறைகளுக்குக் கணினியும் கைப்பேசியும் வாங்குவதற்கான ஒப்பந்தப் புள்ளியில் தலைமுறையின் பெயரை எழுதுவதோடு நிறுத்தாமல், ஷா-256 கட்டளைகள் இருக்கவேண்டும் என்பதையும், வந்து இறங்கும் பெட்டிகளில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து மேற்சொன்ன மூன்று பரீட்சைகளையும் நடத்தியபின்பே பணம் தரப்படும் என்பதையும் எழுதிவிடவேண்டும். தமிழ்நாட்டில் இது சிறிய அளவு வியாபாரமல்ல. 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கிப் பழகிய மாநிலம் இது. இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இவ்வளவு பெரிய கொள்முதலைச் செய்கிறவர் கேட்டால் விற்பவர் மறுக்கமாட்டார்.

இரண்டாவதாக, ஏற்கனவே காவல் நிலையங்களிலும், நீதிமன்ற அலுவலகங்களிலும், திருநெல்வேலியில் உள்ளது போன்ற வட்டாரத் தடய அறிவியல் கூடங்களிலும் இருக்கும் கணினிகளைப் பரீட்சித்து, எதில் இக்கட்டளைகள் உண்டு, ஒரு ஜிகாபைட்டுக்கு எத்தனை விநாடி ஆகிறது, எந்த மென்பொருள் பயன்படுகிறது என்ற மூன்று விவரங்களை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவைக்கவேண்டும். இதற்கு மேல்நாட்டு நிபுணர்களை அழைக்கவேண்டாம். வட்டாரத்துக் கல்லூரிகளில் கணினி பயிலும் மாணவர்களே, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், வழக்குக் கோப்புகள் எதையும் தொடாமல், வெறும் மாதிரிக் கோப்புகளைக் கொண்டே குருவிகுளத்திலும் சங்கரன்கோவிலிலும் உள்ள அலுவலகக் கணினிகளை ஒரு விடுமுறைக்குள் பரீட்சித்து முடித்துவிடலாம். பாடப் புத்தகத்தில் படித்த பிராசசரை நேரில் விசாரித்துப் பதில் வாங்குவதைவிடச் சிறந்த கல்வி அவர்களுக்குக் கிடைக்காது.

மூன்றாவது யோசனை நம்முடைய சொந்தப் பிராசசர்களைப் பற்றியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த வடிவமைப்பின்மேல் எழுப்பிய சக்தி பிராசசர்கள் 2018ஆம் ஆண்டிலேயே சில்லாக உருப்பெற்றன. அவ்வழியில் வந்த ஐரிஸ் என்னும் சில்லை இஸ்ரோவுடன் சேர்ந்து 2025ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார்கள். ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்பில் ஹாஷ் கணக்குக்கான கட்டளைகள் 2021ஆம் ஆண்டு இறுதியில் அங்கீகாரம் பெற்றன. ஆனால் அங்கும் அவை கட்டாயமல்ல, சேர்ப்பவர் சேர்க்கலாம், விடுப்பவர் விடலாம். நாளை நம் அலுவலகங்களுக்கென்று சுதேசிப் பிராசசர்கள் வரும்போது, அவற்றில் இக்கட்டளைகள் இருக்கவேண்டும் என்று இன்றே கேட்டு வைப்பது உசிதம். சில்லு உருவானபின் அதில் ஒரு கட்டளையைப் புகுத்த எந்தப் பேராசிரியராலும் ஆகாது.

நான்காவது காரியம் தில்லியில் நடக்கவேண்டியது. சாட்சியப் படிவத்திலுள்ள எம்டி5, ஷா-1 கட்டங்களை மத்திய அரசு நீக்கிவிடவேண்டும். அல்லது குறைந்தபட்சம், அவற்றில் குறியிடுகிறவர் ஷா-256 மதிப்பையும் கூடவே எழுதவேண்டும் என்றாவது விதிக்கவேண்டும். பழுதான அளவுகோல் என்று உலகம் ஒப்புக்கொண்டதைச் சட்டமே கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை, கீழே உள்ள எழுத்தரை மாத்திரம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வது எவ்விதத்திலும் தகாது.

சட்டம் மாறுவதற்குக் காலம் பிடிக்கலாம்; கொள்முதல் விதிகள் திருந்துவதற்கும் இரண்டொரு நிதியாண்டுகள் ஆகலாம். இருக்கும் கணினியைப் பரீட்சிப்பதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. குருவிகுளத்துக் காவல் நிலையத்திலிருந்து தென்காசி மாவட்டத் தலைமையகம் வரை உள்ள ஒவ்வொரு அலுவலகமும் தன் கணினியிடம் சீட்டுக்குரிய அந்த மூன்று விவரங்களையும் கேட்டு, வந்த விடையை இந்த மாதத்துக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டால், அடுத்து வரும் வழக்கில் படிவத்தைப் பூர்த்தி செய்கிறவர் ஷா-256 என்ற கட்டத்தில் தயக்கமின்றிக் குறியிடுவார். அந்த எண் எப்படி வந்தது என்று கூண்டில் நிறுத்திக் கேட்டாலும் அவருக்குச் சொல்வதற்குப் பதில் இருக்கும்.